நஞ்சூட்டிய வேலி

தமிழருக்கும் வேலிக்கும் உள்ள உறவு மிகப் பழையது. வேலிச் சண்டையும் அவ்வளவு பழையது. யாழ்ப்பாணத்தில் ஒரு கதியாலை அரை அடி நகர்த்தியதற்காக இரண்டு தலைமுறையாக நீதிமன்றப் படி ஏறிய குடும்பங்களின் கதைகளைப் பத்திரிகைத் தொழிலில் கேட்டுக் கேட்டுச் சலித்திருக்கிறேன். மலையகத்தின் கதை வேறு. அங்கே நம்மவர்களில் மிகப் பலருக்கு வேலி போடுவதற்குச் சொந்தமாக ஒரு துண்டுக் காணிகூட இருந்ததில்லை. லயத்துக்கு எல்லை வகுத்தது தோட்ட நிர்வாகம். ஆகவே மலையகத்தில் ஒருவர் தம் பெயரில் உறுதி எழுதிய காணிக்கு வேலி போடுகிறார் என்றால், அதற்கு வெறும் எல்லைக்கோட்டைவிடப் பெரிய பொருள் உண்டு. அந்த வேலி அழகாக இருக்க வேண்டும் என்று அவர் ஆசைப்படுவதில் குற்றம் காண முடியாது.

என் தங்கையின் கணவருக்கும் அப்படியோர் ஆசை வந்தது. கலஹா நகரத்துக்குச் சற்றுத் தள்ளி, சரிவான ஒரு காணியில் வீடு. வீதியோரமாகச் சிறு கடை. வேலிக்கு அவர் தேர்ந்தெடுத்திருந்தது பதப்படுத்திய பைன் மரம். "மச்சான், இருபது வருசத்துக்குக் கறையான் தொடாதாம். நீங்க நாலு இடம் விசாரிக்கிற ஆள், ஒருக்கா பார்த்துச் சொல்லுங்க" என்றார். விசாரித்துப் பார்த்ததில் தெரிந்துகொண்டவற்றை இங்கே தொகுத்துத் தருகிறேன். கலஹாவில் மட்டுமன்றி, மெல்பேர்னிலும் ஸ்காபரோவிலும் வேலியோரம் கீரைப்பாத்தி போட்டிருக்கும் நம்மவர்களுக்கும் இது பயன்படக்கூடும்.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்களுக்குக் கலஹா என்பது முதலில் வளாகத்தின் ஊடே செல்லும் வீதியின் பெயர். அந்த வீதியிலேயே ஹிந்தகலையைத் தாண்டி மேலேறினால் ஊர் வரும், அதற்கப்பால் தெல்தோட்டை. 1867இல் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட லூல்கந்துர தோட்டமும் இந்தப் பக்கத்து மலைகளில்தான் இருக்கிறது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று. டிசம்பரிலிருந்து பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்று. இரண்டுக்கும் நடுவே ஒக்டோபர், நவம்பர் மாதங்களின் பிற்பகல் மழை. மண்ணில் நட்ட மரம் முழுவதும் உலர்ந்து நிற்கும் மாதங்கள் குறைவு. காலையில் பனிமூட்டம், நண்பகலில் சுள்ளென்ற வெயில், மூன்று மணிக்கு மழை என்று ஒரே நாளில் மூன்று பருவங்களும் வந்துபோகும் ஊர் அது.

இந்த ஊர்ப்பக்கம் அண்மைக் காலத்தில் பெருகியிருக்கும் விருந்தினர் விடுதிகளும் தேநீர்க் கடைகளும் பைன் மர வேலியை ஒரு நாகரிகமாக்கிவிட்டன. மூடுபனிக்கு நடுவே இளமஞ்சள் மரவேலி. படம் எடுத்தால் சுவிட்சர்லாந்து போலத் தெரியும். ஆசை அங்கிருந்துதான் தொற்றுகிறது.

பதப்படுத்துதல் என்பது என்ன? மரத்தை ஓர் இரும்பு உருளைக்குள் அடைத்து, உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சியெடுத்து, பிறகு மருந்துக் கரைசலை மிகுந்த அழுத்தத்தில் மரத்துக்குள் செலுத்துகிறார்கள். காளானும் கறையானும் மரத்தை உண்ண முடியாமற் செய்வதே நோக்கம். அந்த மருந்துகளில் நெடுங்காலம் கோலோச்சியது செம்பு, குரோமியம், ஆர்சனிக் மூன்றும் சேர்ந்த கலவை. இதைக் கண்டுபிடித்தவர் ஓர் இந்தியர் என்பது பலருக்குத் தெரியாது. டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய சொந்தி காமேசன் 1933இல் இதை உருவாக்கினார். மின்கம்பங்கள், ரயில் தண்டவாளக் கட்டைகள் ஆகியவற்றின் ஆயுளைப் பல மடங்கு கூட்டிய கண்டுபிடிப்பு அது. உலகமெங்கும் பரவியதற்கு நியாயமான காரணம் இருந்தது. ஆர்சனிக் என்றால் வேறொன்றுமில்லை, நம் முன்னோர் பாஷாணம் என்று சொல்லி அஞ்சிய வகைதான்.

முதலில் நஞ்சை விட்டுவிட்டு, வேலி என்ற அளவில் அதன் குறைகளைப் பார்ப்போம்.

உள்ளே வைரம் கொண்டதையே மரம் என்று வகுத்தது தொல்காப்பியம். பைன் மரத்தில் மருந்து நன்றாக ஏறுவது வெளிப்புறத்து மென்மரத்தில். நடுப்பகுதியில் அது எளிதில் ஏறுவதில்லை. கம்பத்தை அறுத்தாலோ துளையிட்டாலோ மருந்து ஏறாத பகுதி வெளியே தெரிய வரும். சமதரையில் இது பெரிய பிரச்சினையாக இராது. கலஹாவில் சமதரை எங்கே இருக்கிறது? சரிவுக்கு ஏற்றபடி ஒவ்வொரு கம்பத்தையும் ஒவ்வோர் அளவில் அறுத்தாக வேண்டும். அறுத்த முனையில் மீண்டும் மருந்து பூச வேண்டும் என்பது விதி. பூசுகிற தச்சரை நான் இன்னும் சந்திக்கவில்லை. அந்த முனைகளின் வழியாக நீரும் காளானும் உள்ளே புகுகின்றன. வெளித்தோற்றம் திடமாக இருக்க, உள்ளே கோதாகிப் போன கம்பம் ஒருநாள் காற்றில் சாய்கிறது.

இரண்டாவது குறை, மருந்து கறையானைத் தடுக்குமேயன்றி நீரைத் தடுக்காது என்பது. பைன் மரம் மழையில் உப்பி, வெயிலில் சுருங்கும். நாளுக்கொரு முறை இப்படி நடந்தால் பலகை முறுகும், வெடிக்கும், ஆணி தளரும். படலைக் கதவு மழைக்காலத்தில் திறக்காது. வெயில் காலத்தில் பூட்டாது. கம்பத்தின் அடியைச் சீமெந்தில் புதைத்துவிட்டால் உறுதி என்று நினைக்கிறார்கள். நீர் வடிய வழிவிடாமல் புதைத்தால், அந்தச் சீமெந்துக் குழி ஒரு கிண்ணம் போல் நீரைத் தேக்கி வைத்துக்கொள்ளும். மண்மட்டத்தை ஒட்டிய அந்த நாலு அங்குலம்தான் எப்போதும் முதலில் உளுத்துப்போகும்.

மூன்றாவது, ஆணி. ஆர்சனிக் இல்லாத புதிய மருந்துகளும் வந்திருக்கின்றன. அவற்றில் செம்பின் அளவு கூடுதல். செம்பும் ஈரமும் சேர்ந்தால் சாதாரண இரும்பாணி விரைவில் துருப்பிடித்து அற்றுப்போகும். தடித்த நாகப்பூச்சுள்ள ஆணியோ துருப்பிடிக்காத எஃகு ஆணியோ வேண்டும். இவற்றின் விலையை யாரும் மதிப்பீட்டில் சேர்ப்பதில்லை. இரண்டொரு ஆண்டுக்கு ஒருமுறை நீர்விலக்கும் எண்ணெயோ பூச்சோ அடிக்கும் செலவும் அதில் இராது.

நிற்க. இவையெல்லாம் பணத்தோடு போகிற குறைகள். இனிச் சொல்லப்போவது அப்படிப்பட்டதன்று.

மரத்தில் ஏற்றிய நஞ்சு முழுவதும் மரத்திலேயே தங்குவதில்லை. மழையில் சிறிது சிறிதாகக் கசிகிறது. தேயிலை விளையும் மண் அமிலத்தன்மை கொண்டது; அத்தகைய ஈரமண்ணில் கசிவு கூடும். கசிந்தது பெரும்பாலும் கம்பத்தை ஒட்டிய மண்ணிலேயே படிந்துவிடும். தூரத்துக் கிணறு கெட்டுவிடும் என்று பீதி கிளப்புவது நேர்மையாகாது. ஆனால் வேலியடியில்தானே நாம் கீரை விதைக்கிறோம், வெங்காயத்தாள் நடுகிறோம், கோழியை மேயவிடுகிறோம்! வேலி பயிரை மேய்வது பழமொழியில் மட்டும் நடப்பதன்று.

மரத்தைத் தொட்டு விளையாடும் குழந்தைகளின் கைவழியே ஆர்சனிக் வாய்க்குள் போகிறது என்ற கவலை வலுத்ததால், அமெரிக்காவிலும் கனடாவிலும் உற்பத்தியாளர்கள் 2003ஆம் ஆண்டின் முடிவோடு இந்த ஆர்சனிக் மரத்தை வீட்டுப் பயன்பாட்டுச் சந்தையிலிருந்து விலக்கிக்கொண்டார்கள். ஐரோப்பிய ஒன்றியமும் 2004இலிருந்து கட்டுப்படுத்தியது. எனினும் ஏற்கெனவே நட்ட வேலிகளை யாரும் பிடுங்கச் சொல்லவில்லை. ஆகவே கனடாவில் 2004க்கு முன் கட்டிய வீட்டை வாங்கியிருக்கும் வாசகர்கள் தங்கள் பின்முற்றத்து வேலியை ஒருமுறை ஐயத்தோடு பார்ப்பது நல்லது. நிறத்தை வைத்து முடிவுக்கு வர இயலாது. செம்பு சேர்ந்த பழைய மரமும் புதிய மரமும் இரண்டுமே தொடக்கத்தில் இளம்பச்சையாகத்தான் இருக்கும். வெயில்பட்டால் இரண்டுமே சாம்பல் நிறமாகும்.

என் மனத்தை மாற்றியது இந்தச் செய்திகளைவிடவும் கலஹாவில் நேரில் கண்ட ஒன்றுதான். அப்பகுதியில் ஒரு சிறு விடுதி, உளுத்துப்போன தன் மரவேலியைப் பிடுங்கிவிட்டுப் புதிது நட்டது. பழைய கம்பங்களைக் கேட்டவர்களுக்கு இலவசமாகக் கொடுத்துவிட்டார்கள். கொடுத்தவர் நல்ல மனத்தோடுதான் கொடுத்தார். ஒரு லயத்தின் வாசலில் அந்தக் கம்பங்கள் பிளக்கப்பட்டு அடுக்கியிருந்தன. அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. "நல்லா நின்னு எரியுதுங்க ஐயா. புகைதான் கொஞ்சம் கண்ணைக் கரிக்குது" என்றார் அந்த அம்மா. பின்பக்கம், அடுப்புச் சாம்பல் தூவிய கீரைப்பாத்தி. பக்கத்தில் சாம்பலும் தேங்காய்த் தும்புமாகப் பாத்திரம் துலக்கும் இடம்.

அந்த மரத்தில் எந்த மருந்து ஏற்றப்பட்டிருந்தது என்பதை விடுதிக்காரராலும் சொல்ல முடியவில்லை. ஆர்சனிக் ஏற்றிய மரத்தை எரித்தால் ஆர்சனிக் எரிந்து ஒழிந்துவிடாது. ஒரு பகுதி புகையில் போகும், பெரும்பகுதி சாம்பலில் செறிந்து நிற்கும். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் குளிர்காய இத்தகைய மரத்துண்டுகளை எரித்துவந்த ஒரு கிராமத்துக் குடும்பத்தில், குளிர்காலம் தோறும் எல்லோருக்கும் முடி கொட்டியது, தோல் தடித்தது, மூச்சுத் திணறியது. காரணம் ஆர்சனிக் என்று 1984இல் மருத்துவ இதழொன்று வெளியிட்டது. குளிர்காயும் அடுப்புக்கே இந்த நிலை. நம் லயத்து அடுப்போ புகைபோக்கிகூட ஒழுங்காக இல்லாத காம்பராவுக்குள் மூன்று வேளையும் எரிவது. 2022இன் எரிவாயுத் தட்டுப்பாட்டின்போது நகரத்து வீடுகளும் விறகடுப்புக்குத் திரும்பியதை நாம் கண்டோம். கிடைத்ததையெல்லாம் எரித்த காலம் அது.

அந்த அம்மாவிடம் விடயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப இதை எங்கங்க ஐயா போடுறது?" என்று கேட்டார். கேட்க வேண்டிய கேள்வி அதுவே. நியூசிலாந்தின் மார்ல்பரோ திராட்சைத் தோட்டக்காரர்களுக்கும் உடைந்த பதப்படுத்திய கம்பங்களை எங்கே போடுவது என்பது பெரிய தலைவலியாகியிருக்கிறது. எரிக்கவும் கூடாது, கண்ட இடத்தில் புதைக்கவும் கூடாது. வளமான நாட்டுக்கே அந்தப் பாடு என்றால், சமையலறைக் குப்பை எடுக்கும் வண்டியே ஒழுங்காக வராத மலைச்சரிவில் என்ன செய்வது? விடுதிக்காரரிடம் பேசினோம். எஞ்சிய கம்பங்களை அவர் திரும்ப எடுத்துக்கொண்டார். விடுதியின் பின்னால் தகரக் கூரையின் கீழ் அவை இன்னும் கிடக்கின்றன.

மாற்று என்ன? அதைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. கிளிசிரிடியா, யாழ்ப்பாணத்தார் சீமைக்கிளுவை என்பது, கலஹாவில் எந்தச் சரிவிலும் கிடைக்கும். மத்திய அமெரிக்காவிலிருந்து வந்த மரம். எலிக்கொல்லி என்ற பொருளில் அதற்கு விஞ்ஞானப் பெயர். சிங்களத்தில் அதற்கு வழங்கும் 'வெட்டமார' என்ற பெயரிலேயே வேலி இருக்கிறது. தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக அரசாங்கம் 2005இல் அதை அறிவித்தது. மழை தொடங்கும்போது மணிக்கட்டுப் பருமனில் கதியால் வெட்டி நட்டால் போதும், வேர்விடும். இலை ஆட்டுக்குத் தீனி, மண்ணுக்குப் பசளை. வெட்டிய கிளை நஞ்சில்லாத விறகு. மேலே மிளகுக் கொடி படரவிட்டால் வேலியே வருமானம் தரும். கண்டி மாவட்டத்துக்காரர்களுக்கு அதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

உயிர்வேலிக்கும் குறைகள் உண்டு. முதலாண்டில் அது வேலியே அன்று. நாயும் பன்றியும் நுழையும். வருடத்துக்குச் சில தடவை கவ்வாத்து வெட்ட வேண்டும். வெட்டாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரருடன் பேச்சு நின்றுபோகும். தண்டு பருக்கப் பருக்க எல்லையும் நகரும், வழக்கும் பிறக்கும். கடை முகப்புக்கு அது எடுப்பாகவும் இராது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு கண்டி மாவட்டத்துச் சரிவுகள் பெயர்ந்து வந்ததைக் கண்ட பிறகு, வேலிமரம் மலையைப் பிடித்து நிறுத்தும் என்றும் சொல்ல மாட்டேன். அன்றாட மழையில் மேல்மண் கரைந்து கீழ்வீட்டு முற்றத்துக்குப் போவதை அதன் வேர் ஓரளவு தடுக்கும், அவ்வளவே.

மச்சான் இறுதியில் வீதிப்பக்கத்துக்குக் கொங்கிறீட் கம்பமும் கம்பிவலையும் போட்டார். மற்ற மூன்று பக்கமும் கிளிசிரிடியா. அளவு பிடித்துக் கொங்கிறீட் கல் நட்டிருப்பதால் எல்லையும் நகராது. தங்கைக்கு இன்னமும் அந்த இளமஞ்சள் வேலிமீது ஒரு கண் உண்டு. அதை மறைப்பதற்கில்லை.

ஏற்கெனவே பதப்படுத்திய மரவேலி வைத்திருப்பவர்கள் பதற வேண்டாம். அதை ஒட்டி உண்ணும் பயிர் எதுவும் நடாதீர்கள். மூன்றடியாவது தள்ளி நடுங்கள். அறுக்கும்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள், தூளைக் கூட்டி அள்ளிவிடுங்கள். குழந்தைகள் தொட்டு விளையாடினால் சாப்பிடுமுன் கை கழுவச் செய்யுங்கள். ஆண்டுதோறும் பூச்சு அடித்தால் கசிவு குறையும். புதிதாக வாங்குவோர் எந்த மருந்து ஏற்றியது என்பதை விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். மண்ணில் நடத் தகுந்த தரமா என்றும் கேளுங்கள். எழுதித்தர மறுத்தால் வாங்காதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பிடுங்கிய கம்பத்தை விறகுக்கென்று யாருக்கும் கொடுக்காதீர்கள். கேட்டு வருபவர் எவ்வளவு ஏழையாக இருந்தாலும் கொடுக்காதீர்கள். அவர் வீட்டில்தான் அது அடுப்புக்குள் போகும்.

லயத்து அம்மா கேட்ட கேள்வியைக் கண்டியில் ஒரு மர விற்பனையாளரிடம் கேட்டுப் பார்த்தேன். "ஐயா, அது இருபது வருசத்துக்குப் பிறகுதானே" என்றார்.