ஐம்பாலும் ஒட்டுப்பாலும்



ஜாவா, கோ போன்ற வகைக் கண்டிப்புள்ள நிரல்மொழிகளில், முழு எண்ணுக்கென எழுதிய செயற்கூற்றிடம் பதின்ம எண்ணைக் கொடுத்தால் நிரல் ஓடுமுன்னரே தொகுப்பி தடுத்துவிடும். பட்டியலில் பெரியதைக் கண்டுபிடிக்கும் ஒரே வேலையை வகைதோறும் திரும்ப எழுதவேண்டும். இதனை வெறுத்துப் படிப்பையே விட எண்ணியிருந்தான், செரம்பானுக்கு அப்பாலுள்ள தோட்டப் பள்ளியில் என்னிடம் பயின்ற மாணவன் ஒருவன். அவன் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் பிள்ளை. எனக்குப் பொறுக்கவில்லை.

அவன் பாட்டி பால்மரம் வெட்டியவர். ஆகவே பால் நிறுக்கும் இடத்திலிருந்தே தொடங்கினேன். தராசுக்கு வாளிப்பாலும் ஒன்றுதான், ஒட்டுப்பாலும் ஒன்றுதான். எடை இருந்தால் போதும். மெட்ரோலாக் அப்படியன்று. மிதந்து நின்று ரப்பரின் அளவைக் காட்டும் கருவி அது. ஒட்டுப்பால் கட்டியில் அதனை எங்கே மிதக்கவிடுவது?

பொதுவகைச் செயற்கூறு தராசு போன்றது. 'எவ்வகையாயினும் வருக, ஆனால் ஒப்பிடத்தக்கதாய் இரு' என்று நிபந்தனை விதிக்கும். ஜாவாவிற்கு இவ்வசதி 2004-இல் வந்தது. 2009-இல் வெளியான கோ மொழியோ 2022 வரை காத்திருந்தது. அதுவரை பலர் எதையும் ஏற்கும் வெற்று இடைமுகத்தைக் கையாண்டனர். அது கோணிச்சாக்கு, உள்ளே இருப்பது என்னவென்று அவிழ்க்கும்போதுதான் தெரியும், பிழையும் அப்போதுதான் வெடிக்கும்.

"நம் மொழியும் கண்டிப்பானதுதானே, சார்?" என்றான். ஆம். வந்தான், வந்தாள், வந்தார், வந்தது, வந்தன என்று ஐம்பாலுக்கும் ஐந்து முற்றுகள். (தோட்டத்துப் பிள்ளைகள் ஐம்பால் என்றதும் வாளியைத்தான் நினைப்பார்கள்!) ஆனால் உண்டு, இல்லை, வேறு ஆகிய மூன்றும் ஐம்பால் மூவிடத்திற்கும் பொது என்கிறது நன்னூல். வகைக்கொரு வடிவம் ஒருவழி. எல்லாவற்றிற்கும் ஒரே வடிவம் மறுவழி. கிறிஸ்டோபர் ஸ்ட்ரேச்சி 1967-இல் கோபன்ஹேகனில் ஆற்றிய விரிவுரைகளில், நிரல்மொழிகளில் இவ்விரண்டையும் பிரித்துப் பெயரிட்டார்.

மூன்றாவது ஒன்றும் உண்டு: விரவுப்பெயர். சாத்தன் வந்தான் என்றால் ஆள். சாத்தன் வந்தது என்றால் காளை. பெயர் இருதிணைக்கும் இடங்கொடுக்கிறது, வினை வந்து முடிவுசெய்கிறது. இதற்கு ஈடான நிரலை எழுதிக் காட்டுமாறு கேட்டேன். பேருந்து ஏறுமுன் தாளொன்றில் பாதி எழுதிவிட்டான். காளைக்குரிய கிளை மட்டும் மிச்சம்.