மரத்துக்கு ஆயிரத்து நூறு

நவம்பர் 16, 2018. வெள்ளி

நள்ளிரவு தாண்டி நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கஜா புயல் கரையேறியபோது, முத்துப்பேட்டைக்கு மேற்கே ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் வாசல் கதவுக்கு முதுகு கொடுத்து நின்றுகொண்டிருந்தார். முதலில் வடக்குக் காற்று. பிறகு சட்டென்று ஓய்ந்தது. "விட்டுடுச்சுங்க" என்றார் மனைவி. எங்கே விட்டது? தெற்கிலிருந்து திரும்பி அடித்தது. வடக்குக் காற்றில் ஆட்டம் கண்டிருந்த தென்னைகள் இந்தத் திருப்பத்தில்தான் தூரோடு பெயர்ந்தன. தென்னைக்கு ஆணிவேர் கிடையாது, சல்லி வேர்தான். மழையில் ஊறிய மண் அதை எவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டிருக்கும்?

விடிந்ததும் கொல்லையில் நின்று பார்த்தார். பட்டுக்கோட்டைச் சாலை தெரிந்தது. அங்கிருந்து அது தெரிந்ததே இல்லை.

நவம்பர் 18

கரண்ட் இல்லை. போன் இல்லை. எழுத ஒன்றும் இல்லை.

நவம்பர் 21

டீக்கடையில் இரண்டு நாளாக இதே பேச்சுத்தான். விழுந்த தென்னைக்கு அரசு 600 ரூபாய், வெட்டி அகற்ற 500. மரத்துக்கு ஆயிரத்து நூறு. ஹெக்டேருக்கு 175 மரம் என்று வைத்து 1,92,500 ரூபாய்.

வாத்தியார் கணக்குப் பாடம் எடுத்தவர், சும்மா இருப்பாரா? நல்ல மரம் வருஷத்துக்கு நூறு காய் காய்க்கும். காய்க்குப் பத்து ரூபாய் வைத்தாலே ஆயிரம். ஆக, அரசு கொடுப்பது ஒரு வருஷத்துக் காய்க்கான விலை. அந்த மரம் இன்னும் முப்பது, நாற்பது வருஷம் காய்த்திருக்கும். நெட்டைத் தென்னம்பிள்ளை வைத்தால் பாளை விட ஆறேழு வருஷம். அவருக்கு வயது அறுபத்து மூன்று.

இதைவிட உறுத்தியது பக்கத்துத் தோப்பு. பாயின் தோப்பில் பாதிக்கு மேல் நிற்கிறது. ஒரே மண், ஒரே வேலி. பாய் காலையில் கூப்பிட்டபோது வாத்தியார் காது கேட்காதது போலப் போய்விட்டார்.

நவம்பர் 23

திருக்கார்த்திகை. ஊரே இருட்டு, அதனால் அகல் நன்றாகத் தெரிந்தது. மனைவி வழக்கத்தைவிட அதிகமாக ஏற்றினார். எண்ணெய் வீணாகிறது என்று இவர் சத்தம் போட்டார்.

நவம்பர் 30

கம்பம் நடுகிறார்கள். டெல்டாவில் ஒரு லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்கள் போயின என்பதால் வெளி மாவட்டம், வெளி மாநிலம் என்று ஆட்கள் வந்திருக்கிறார்கள். சாலையோரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கேரள மின்வாரியத் தொழிலாளர்கள். ஆகஸ்ட் வெள்ளத்தில் அங்கே 400 பேருக்கு மேல் செத்து, மூன்று மாதம்தான் ஆகிறது. வந்திருந்த தொழிலாளர்களில் ஒருவரின் வீட்டுக்குள் கூரை வரை தண்ணீர் நின்றதாம். பாதி தமிழும் பாதி மலையாளமுமாகச் சொன்னார். "வீட்டை விட்டுட்டு இங்க வந்திருக்கீங்களே?" என்று கேட்டார் வாத்தியார். அவருக்குக் கேள்வி பிடிபடவில்லையோ என்னவோ, "கொஞ்சம் மோர் கிடைக்குமா?" என்றார். கறவை மாடு புயலில் செத்த வீட்டில் மோருக்கு எங்கே போவது? கடையில் வாங்கிக் கொடுத்தார்.

டிசம்பர் 9

மரம் எண்ண வந்தார்கள். விழுந்ததற்கு மட்டும் சுண்ணாம்பில் குறி. பாயின் தோப்பை வேலிக்கு வெளியிலிருந்தே பார்த்துவிட்டு நடையைக் கட்டினார்கள்.

டிசம்பர் 26

சுனாமி வந்து பதினான்கு வருஷம். அன்றைக்கு நாகப்பட்டினம் பக்கம் ஆறாயிரம் பேருக்கு மேல் போனார்கள். இந்தப் பக்கம் அலையாத்திக் காடு மறித்துக்கொண்டது. தண்ணீரை மறித்த காட்டால் காற்றை மறிக்க முடியவில்லை. படகில் போய்ப் பார்த்தார். கோரையாற்று முகத்தில் இலையே இல்லாத பழுப்புக் கிளைகள், மைல் கணக்கில்.

படகுக்காரர் பழைய கதை சொன்னார். வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே காட்டைக் கூறு போட்டு வெட்டினார்கள். வெட்டிய இடம் வெயிலில் காய்ந்து தாழ்ந்தது. ஏறிய கடல்நீர் வடியாமல் தேங்கி உப்பேற, கன்று முளைக்கவில்லை. 1990களில் வனத்துறையும் சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் ஊர்க்காரர்களோடு சேர்ந்து மீன்முள் மாதிரி வாய்க்கால் வெட்டி, அலை போய்வர வழிவிட்டன. பிறகுதான் பச்சை திரும்பியது.

"இப்ப இது எத்தனை வருஷத்துல தழைக்கும்?"

"அது யாருக்கு சார் தெரியும்? வாய்க்கா தூராம பாத்துக்கணும்."

டிசம்பர் 28

தோப்பின் வடிகாலில் மட்டையும் கீற்றும் அடைத்துக் கிடந்ததை நாள் முழுக்க அள்ளினார். முதுகு வலி.

ஜனவரி 15, 2019

பொங்கல். மகன் துபாயிலிருந்து பேசினான். "வித்துடுங்கப்பா." பதில் சொல்லவில்லை.

பிப்ரவரி 10

பாயின் மரங்கள் சாகின்றன. நின்றவைதான். காற்று கொண்டையைத் திருகியதில் குருத்து உள்ளுக்குள் முறிந்திருக்கிறது. தென்னைக்கு அந்த ஒரு குருத்துத்தான்; போனால் பக்கக்கிளை விட வழியில்லை. நடுக்குருத்தை இழுத்தால் கையோடு வருகிறது, அடியில் அழுகல் வாடை. அறுக்காமல் கிடக்கும் கட்டைகளில் காண்டாமிருக வண்டு வேறு பெருகும். பட்டியலில் பாய்க்கு விழுந்த மரங்கள் மட்டும்தான், செத்துக்கொண்டிருப்பவை இல்லை.

அன்று காது கேட்காதது போலப் போனதைப் பாய் மறந்தாரோ, மறந்த மாதிரி இருந்தாரோ. "சார், நீங்க எழுதினா நல்லாருக்கும்" என்று வெள்ளைத் தாளோடு வந்தார். வாத்தியார் மனு எழுதினார். மரம் மரமாகப் போய் வரிசை எண் போட்டு, எதில் குருத்து போயிற்று, எதில் பாளை கருகிற்று என்று இருட்டும்வரை குறித்தார்கள். தன் தோப்புக்குக்கூட அவர் இப்படி ஒரு பட்டியல் போட்டதில்லை.

பிப்ரவரி 22

மனுவுக்கு ரசீது மட்டும் வந்திருக்கிறது. திங்கட்கிழமை இருவருமாக மறுபடி போகவேண்டும். நிழல் இல்லாத தோப்பில் எள் போடலாம் என்கிறார் மனைவி. விதைக்குப் பாயிடம் கேட்டிருக்கிறார். வேப்பங்குளம் ஆராய்ச்சி நிலையத்தில் தென்னம்பிள்ளை எப்போது கிடைக்கும் என்று விசாரிக்கச் சொன்னது இவர். விற்பதா வேண்டாமா என்று மகனுக்கு இன்னும் சொல்லவில்லை.