மிடி ட்ராக்கா, ஆடியோ ட்ராக்கா?

ரெக்கார்டிங் மென்பொருள் கியூபேஸோ, கராஜ்பேண்டோ, எதுவாக இருந்தாலும் புதிதாக ஒரு ட்ராக் சேர்க்கப் போனால் பெரும்பாலும் முதலில் வந்து நிற்கிற கேள்வி இதுதான். ஆடியோவா, மிடியா? புதிதாக ஆரம்பிப்பவர் ஏதோ ஒன்றை அழுத்துவார். சிவப்புப் பட்டனைத் தட்டுவார். மைக் முன்னால் தொண்டை கிழியப் பாடுவார். திரும்பப் போட்டால் ஒன்றுமே கேட்காது! மிடி ட்ராக்கை எடுத்துவிட்டு மைக்கில் பாடினால் வேறு என்ன கேட்கும்?

திரையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நீளமான கட்டங்களாகத்தான் தெரியும். உள்ளே இருக்கிற சரக்குதான் வேறு.

ஆடியோ என்பது சத்தமே. காற்றின் அதிர்வை மைக் மின்சாரமாக மாற்றுகிறது. சவுண்ட் கார்டு அதை ஒரு விநாடிக்கு 44,100 முறை அளந்து எண்களாக எழுதுகிறது. 16 பிட் என்றால் ஒவ்வொரு அளவுக்கும் 65,536 படிகள். இப்படி ஸ்டீரியோவில் ஒரு நிமிடம் பதிந்தால் சுமார் 10 எம்.பி. இடம் பிடிக்கும். அந்த அறையில் கேட்டது எல்லாம் அதற்குள் விழுந்துவிடும். பாட்டு மட்டுமல்ல, ஃபேன் சத்தம், பக்கத்து வீட்டு குக்கர் விசில், தெருவில் கீரை விற்பவரின் குரல், எல்லாமே.

மிடியில் சத்தமே கிடையாது. எந்தக் கட்டையை அழுத்தினார்கள், எவ்வளவு வேகமாக அழுத்தினார்கள், எப்போது கையை எடுத்தார்கள் என்ற குறிப்பு மட்டும்தான். கட்டைகளுக்கு 0 முதல் 127 வரை எண்கள். பியானோவின் நடுவில் இருக்கும் 'ஸி' கட்டை 60. ஒரு கட்டையை அழுத்தினால் மூன்று பைட், விட்டால் இன்னொரு மூன்று பைட், அவ்வளவுதான். ஒரு நிமிடத்தில் 500 கட்டைகளை அழுத்தினாலும் சில கே.பி.க்கு மேல் போகாது. அந்தக் குறிப்பைப் படித்துச் சத்தம் எழுப்புவது கணினிக்குள் இருக்கும் மென்பொருள் வாத்தியம்.

இது பிறந்த கதை சுவாரஸ்யமானது. 80களின் ஆரம்பத்தில் ஒவ்வொரு கம்பெனி சிந்தசைசரும் தன் பாஷையை மட்டும்தான் பேசும். ஒருவருடைய கீபோர்டு இன்னொருவருடையதோடு சேராது. அமெரிக்காவின் டேவ் ஸ்மித், ஜப்பானின் இகுதாரோ ககேஹாஷி போன்றவர்கள் சேர்ந்து ஒரு பொது மொழியை உருவாக்கினார்கள். 1983 ஜனவரியில் கலிஃபோர்னியாவில் நடந்த நாம் கண்காட்சியில் இரண்டு போட்டிக் கம்பெனிகளின் சிந்தசைசர்களை ஒயரால் இணைத்து, ஒன்றை வாசித்தால் மற்றது பேசுவதைக் காட்டினார்கள். இதற்காக இருவருக்கும் 2013இல் டெக்னிக்கல் கிராமி கிடைத்தது. மிடியின் இரண்டாம் பதிப்பு 2020இல்தான் வந்தது. முதல் பதிப்பு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

சரி, இரண்டில் எது உசத்தி? இதற்குக் கம்ப்யூட்டரை விட்டுக் கொஞ்சம் வெளியே வர வேண்டும்.

முத்துசாமி தீட்சிதர் 1835இல் எட்டயபுரத்தில் காலமானார். எடிசன் ஃபோனோகிராஃபைச் செய்தது 1877இல். ஆக தீட்சிதரின் குரல் எப்படி இருந்தது என்று இனி யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆனால் அவருடைய தம்பி வழியில் வந்த சுப்பராம தீட்சிதர், 1904இல் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யை வெளியிட்டார். கீர்த்தனைகளுக்கு ஸ்வரக் குறிப்பு, கமகங்களுக்குத் தனி அடையாளங்கள் என்று பார்த்துப் பார்த்து எழுதிய புத்தகம். அதை வைத்து இன்றைக்கும் ஒருவர் புதிதாகப் பாடலாம், வீணையில் வாசிக்கலாம், தன் சுருதிக்கு மாற்றிக்கொள்ளலாம்.

அந்தப் புத்தகம் வருவதற்கு இரண்டு வருடம் முன்பு, 1902இல், கல்கத்தாவில் கௌஹர் ஜான் கிராமஃபோன் கம்பெனிக்காகப் பாடினார். அவருடைய இசைத்தட்டுகளில் பாட்டு முடிந்ததும் தன் பெயரைத் தானே சொல்வது இன்றும் கேட்கிறது. கரகரப்புதான், தூரத்திலிருந்து வருவது போலத்தான் இருக்கும். ஆனால் அது அவரே! அதில் ஒரு ஸ்வரத்தையும் யாரும் திருப்பிப் பாட வைக்க முடியாது.

புத்தகம் மிடி. இசைத்தட்டு ஆடியோ. ஒன்றிலிருந்து பாட்டு மறுபடி மறுபடி பிறக்கும். இன்னொன்றில் பாடியவர் இருப்பார். இதைப் புரிந்துகொண்டால் ரெக்கார்டிங்கில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

மிடியில் தப்பு நடந்தால் கவலையே இல்லை. தவறான கட்டையைச் சுட்டியால் இழுத்துச் சரியான இடத்தில் வைக்கலாம். பியானோவில் வாசித்ததைப் புல்லாங்குழலாக மாற்றலாம். தாளம் பிசகினால் 'குவாண்டைஸ்' அழுத்தினால் போதும், எல்லாம் கோட்டில் போய் நிற்கும். இங்கேதான் ஒரு ஆபத்தும் இருக்கிறது. ஒருவர் துளி முந்தி அடிப்பதும் துளி தள்ளி அடிப்பதும் எப்போதும் தப்பல்ல, பல நேரம் அதுதான் அவர் கை. நூற்றுக்கு நூறு குவாண்டைஸ் செய்தால் தாளம் நிற்கும், கை காணாமல் போய்விடும். பாதி அளவுக்கு இழுத்தாலே பெரும்பாலும் போதும்.

கமகம் இன்னொரு தலைவலி. மிடியின் கட்டைகள் படிக்கட்டு மாதிரி. தோடியின் காந்தாரம் ஒரு படியில் நிற்கிற ஸ்வரமா என்ன? அசைவதுதான் அதன் உருவமே. 'பிட்ச் பெண்ட்' சக்கரத்துக்கு 16,384 நிலைகள் இருப்பதால் பழகிய கை ஓரளவு சமாளிக்கும். ஆனால் அந்தச் சக்கரம் அந்த சேனலில் ஒலிக்கும் எல்லா ஸ்வரத்தையும் சேர்த்தே வளைக்கும். வாய்ப்பாட்டுக்கும் நாதஸ்வரத்துக்கும் ஆடியோவை விட்டால் வேறு வழி இல்லை.

ஆடியோவில் வேறு மாதிரி கஷ்டம். சுருதியைத் திருத்தும் கருவிகள் உண்டு, இரைச்சலைக் குறைக்கும் கருவிகளும் உண்டு. ஆனால் கறையைத் தேய்த்தால் துணியும் நைந்து போகும். அழுத்தமாகப் பாடும் இடத்தில் அளவு உச்சத்தைத் தாண்டிக் கிழிந்தால், உள்ளபடி அதை மீட்க முடியாது. ஆகவே கவனத்தை எல்லாம் பதிகிற நேரத்திலேயே செலவழிக்க வேண்டும். ஃபேனை அணைக்கலாம். ஜன்னலைச் சாத்தலாம். வெறும் சுவர் எதிரொலித்தால் போர்வையைத் தொங்கவிடலாம். மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி வைக்கலாம். மீட்டரில் பூஜ்யம்தான் கூரை. 24 பிட்டில் பதியும்போது உச்சம் மைனஸ் 10 டெசிபல் பக்கத்தில் இருந்தாலே தாராளம். கூடவே ஒலிக்கிற இசையைப் பாடுபவர் ஹெட்போனில்தான் கேட்க வேண்டும். இல்லையென்றால் அதுவும் மைக்கில் ஏறிவிடும்.

பாடும்போது தன் குரலே தாமதமாகக் காதில் விழுந்தால் அது பஃபர் செய்யும் வேலை. பஃபர் 1,024 என்று இருந்தால் அதற்கு மட்டும் சுமார் 23 மில்லி விநாடி. 256க்குக் குறைத்தால் 6க்குள் வரும். பதியும்போது குறைத்துவிட்டு மிக்ஸிங் நேரத்தில் கூட்டிக்கொள்ளலாம்.

மிடியை மட்டும் நம்பியும் இருக்கக் கூடாது. பத்து வருடம் கழித்து ஃபைல் திறக்கும், ஆனால் அதில் ஒலித்த மென்பொருள் வாத்தியம் புதுக் கணினியில் ஓடாமல் போகலாம். குறிப்பு இருக்கும், சத்தம் இருக்காது. வேலை முடிந்ததும் ஒவ்வொரு மிடி ட்ராக்கையும் ஆடியோவாகவும் மாற்றிச் சேமிப்பது நல்லது.

இதெல்லாம் சினிமாவுக்கு இசையமைக்கப் போகிறவர்களுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். பல வீடுகளில் ஒரு பாட்டிக்கு ஒரு தாலாட்டோ நடவுப் பாட்டோ தெரிந்திருக்கும், எங்கேயும் எழுதி வைக்காதது. அவரை உட்கார வைத்து மெட்ரோனோமின் டிக் டிக் சத்தத்துக்குப் பாடச் சொன்னால் நடக்காது, பாட்டே மறந்துவிடும். அவர் போக்கில் பாடட்டும். மெட்ரோனோம் வேண்டாம், ஒரே ஒரு ஆடியோ ட்ராக் போதும். பிறகு பொறுமையாக மென்பொருளின் 'டெம்போ மேப்'பை அவர் பாடிய வேகத்துக்கு ஏற்ப வளைத்துக்கொள்ளலாம். மிடியில் தம்புராவோ குழலோ அடுத்த வாரமும் சேர்க்கலாம், அடுத்த வருடமும் சேர்க்கலாம். பாட்டியின் குரலுக்கு அந்த வசதி கிடையாது.

எந்த ட்ராக்கை முதலில் திறப்பது என்று குழம்புகிறவருக்கும் இதுவே பதில். நாளைக்குத் திரும்பக் கிடைக்காதது எதுவோ, அதை முதலில் பதிய வேண்டும்.