முட்டுக்காட்டில் ஒரு பகற்பொழுது

சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்லும் கடற்கரைச் சாலையிலே முட்டுக்காடு என்னும் ஊர் உளது. அங்கே 1996ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா, கண்ணாடிப் பேழைக்குள் பழம்பொருள்களைப் பூட்டிவைக்கும் காட்சிச்சாலையன்று. தென்னிந்திய மாநிலங்களின் பழைய வீடுகள் 18, ஏறக்குறைய 10 ஏக்கர் நிலத்தில் நிற்கின்றன. திண்ணையில் அமரலாம்; நடையைக் கடந்து முற்றத்தில் நின்று வானத்தைப் பார்க்கலாம்.

இவற்றுட் பல, உரிமையாளரால் இடித்து விற்கப்படவிருந்தவை. தூணும் உத்தரமும் கதவும் விலைக்கு வாங்கப்பட்டு, பக்குவமாகக் கழற்றிக் கொணரப்பட்டு, மரபறிந்த தச்சராலும் கொத்தராலும் மீண்டும் இங்கே பொருத்தப்பட்டன. செட்டிநாட்டு வணிகர் இல்லத்துக்கு அண்மையிலேயே, 1850ஆம் ஆண்டினதான புதுப்பள்ளிக் கிறித்தவர் ஒருவரின் மரவீட்டையும் காணலாம்.

நான் சென்ற அன்று, ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகள் பஸ் வண்டியொன்றில் வந்திறங்கினர். அவர்கள் கூட்டமாய்க் குழுமியது குயவரின் சக்கரத்தைச் சுற்றியே. ஒரு சிறுமி ஆவலோடு கை வைத்தாள். எழுந்துவந்த சட்டி சரிந்து குழைந்தது. அவள் முகம் வாடியது. குயவரோ சிரித்தார்.

"மண்ணு கோவிச்சுக்காது பாப்பா. மறுபடியும் பிசைஞ்சுக்கலாம்."

பின்னர் செட்டிநாட்டு வீட்டின் முற்றத்தில் நிற்கையில், அதே சிறுமி ஆசிரியையை வினவினாள்:

"மிஸ், இந்த வீட்டில இருந்தவங்க எல்லாம் எங்கே போனாங்க?"

ஆசிரியை சற்றே தயங்கி, "வேற ஊருக்குப் போயிட்டாங்கம்மா" என்றார்.

அவ்விடை என்னைச் சுட்டது. அம்முற்றம் எங்கள் ஊரின் நாற்சார் வீட்டை நினைவூட்டியிருந்தது. யாழ்ப்பாணத்தில் அத்தகைய வீடுகள் பல போரில் இடிந்தன. பல, வாழ்ந்தோர் கடல் கடந்தமையால் பாழாயின. மண் மீண்டும் பிசையப்படும். தூண்கூட மீண்டும் நாட்டப்படும். ஆனால் எந்தச் சார்பில் நெல் குவித்தார்கள், எந்த மூலையில் அம்மி கிடந்தது, முற்றத்து மழைநீரை எதிலே ஏந்தினார்கள் என்பவற்றைத் தச்சரால் மீட்டுத்தர முடியுமா? அவை முதியோர் நெஞ்சில் மட்டுமே உள்ளன.

பிள்ளைகளைக் காட்சிச்சாலைகளுக்கு அழைத்துச் செல்வது நன்றே. அதற்கு முன்னர், ஒரு மாலைப்பொழுதில் அப்பாச்சியின் அருகே அமர்த்தி, அச்சிறுமியின் கேள்வியை அவரிடம் கேட்கச் செய்வோமாக. விடை சொல்வோர் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர்.