ரெஜிபோம் மலைகள்

யாராவது புது ரீவி வாங்கினால் நாங்கள் போய்ப் பார்த்தது ரீவியை இல்லை, மச்சான். பெட்டிக்குள் இருந்த ரெஜிபோமைத்தான். லண்டன் பெடியள் அதைப் பொலிஸ்டைரீன் என்பார்கள். எங்கள் வீட்டில் அது கடைசிவரைக்கும் ரெஜிபோம். நீ பாண் வெட்டுகிற கத்தியால் அறுப்பாய். கிறீச்சென்று பல் கூசும். வெள்ளைப் பொடி காப்பெற்றில் ஒட்டிக்கொண்டு, எவ்வளவு ஹூவர் பிடித்தாலும் போகாது. ஒரு கிழமைக்கு அம்மாவின் பேச்சு.

சனிக்கிழமை காலையில் தமிழ்ப் பள்ளிக்கூடம், பின்னேரம் வார்ஹாமர் என்ற பொம்மைப் படைச் சண்டை விளையாட்டு. தேவாரப் புத்தகமும் ஈய வீரர்களும் ஒரே பைக்குள் கிடந்தன. கடையில் இருந்த ஆறடிக்கு நாலடி மேசையைச் சுற்றி நின்று பார்த்துவிட்டு வந்து, அதில் பரப்பியிருந்த நாட்டை எங்கள் வீட்டுக் குசினி மேசையில் கட்டப் பார்ப்போம்.

குன்று செய்யத் தெரியாதவன்தான் வடிவான சரிவு வைப்பான். அதில் ஒரு படையும் நிற்காது. 20 மில்லிமீற்றர் சதுரத் தட்டில் நெருக்கி அடுக்கின ஆக்கள்; சரிவில் வைத்தால் ஈயத்தின் பாரத்துக்கே வழுக்கி விழுந்து ஈட்டி வளையும். அதனால் எங்கள் மலைகள் எல்லாம் படி வைத்த மலைகள். மேலே வெள்ளைப் பசை, பசைக்கு மேலே மணல், மணல் காய்ந்த பிறகு பச்சைத்தூள். விரலில் காய்ந்த பசையை உரித்தால் கைரேகையோடு கழன்று வரும்; அதற்காகவே கொஞ்சம் கூடப் பூசுவோம். ஸ்பிறே பெயின்றை ரெஜிபோமில் நேரே அடிக்கக்கூடாது, கரைத்து அரித்துவிடும். முதலில் பசையால் மூட வேணும். நீ மட்டும் வேணுமென்றே அடித்து, அரித்த பள்ளத்துக்குச் சாம்பல் நிறம் தீட்டிப் பாறை என்பாய். உண்மையாகவே பாறை மாதிரித்தான் இருந்தது.

பொம்மை வீடுகளின் கூரை அப்பாவின் இலாகா. கோன்ஃபிளேக்ஸ் மட்டையைக் கீலம் கீலமாக வெட்டி, ஒரு கரையைப் பல்லுப் பல்லாகக் கத்தரித்து, கீழிருந்து மேலே ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டு போக வேணும். மேலிருந்து தொடங்கினால் ஒழுகும் என்பார். 28 மில்லிமீற்றர் மனிசருக்கு எந்த மழை? என்றாலும் இரவு வேலைக்குப் போக முன்னம், கோட்டைப் போட்டுக்கொண்டே குனிந்து ஓட்டு வரிசை நேராக இருக்குதோ என்று ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார்.

1999 இல் வார்ஹாமர்காரரின் மோர்ட்ஹைம் என்ற விளையாட்டு வந்தது. வால்வெள்ளி விழுந்து நாசமான நகரம், அதற்குள் சின்னச் சின்னக் கூட்டங்களின் சண்டை. பெட்டிக்குள் வந்த கட்டடங்கள் எங்களுக்குக் காணாது. முட்டைப் பெட்டி மட்டையைத் துண்டு துண்டாக வெட்டிக் கல்லாக ஒட்டினோம், தேநீர் கலக்குகிற மரக்குச்சியை முறித்து எரிந்த வளை வைத்தோம். கறுப்படித்து, காய்ந்த தூரிகையில் சாம்பலைத் தொட்டு விளிம்புகளில் மட்டும் தடவினால் ஒவ்வொரு கல்லும் எழும்பி வரும். அம்மா ரசத்துக்குத் தாளித்துக்கொண்டு நின்றவ, திரும்பிப் பார்த்தா.

“இடிஞ்ச வீட்டை ஏனடா கட்டுறியள்? முழுசாக் கட்டுங்கோவன்.”

ஆக்களை உள்ளே வைத்து விளையாட இடிந்ததுதான் வசதி என்று சொல்ல வாயெடுத்தேன். நீ என் காலை உதைத்தாய். பிறகு ஒரு முழு வீடு கட்டினோம், திண்ணையோடு. விளையாட்டுக்கு அது ஒன்றுக்கும் உதவவில்லை. அம்மா அதைத் தூக்கி ரீவிக்கு மேலே வைத்து, கிழமைக்கு ஒருக்கால் தூசி தட்டினா.

எச்.ஜி.வெல்ஸ் என்ற பெரிய எழுத்தாளரே பொம்மைச் சண்டைக்கு விதி எழுதி 1913 இல் புத்தகம் போட்டவர். கலைக்களஞ்சியத் தொகுதிகளைத் தரையில் பரப்பி நாடு அமைத்த கதை அதில் வருகிறது. வீட்டில் கிடக்கிறதை வைத்து நாடு கட்டுகிற விசர் எங்களோடு தொடங்கினதில்லை.

இப்போது மருமகன் பெடியன் த்ரீடி பிறின்ரரில் கோபுரத்தைப் போட்டுவிட்டு நித்திரைக்குப் போகிறான், விடியக் கோபுரம் நிற்கிறது. ஒவ்வொரு கல்லிலும் வெடிப்புத் தெரிகிறது, குறை சொல்ல ஏலாது. லேசரில் வெட்டின பலகை வீடுகளும் வாங்குகிறான். பெட்டியைத் திறந்தால் கருகல் மணம். நாங்கள் விளையாடின அந்தப் பழைய உலகத்தை 2015 இல் வார்ஹாமர் கொம்பனியே கதைக்குள் அழித்தது. 2024 தையில் திருப்பி விற்கத் தொடங்கியிருக்கிறது. ரீவிகள் மெலிந்து சுவருக்கு ஏறிவிட்டன. மேலே ஒரு வீடு வைக்க இடமில்லை.

கோதுமை வயல் மட்டும் இன்னும் பழைய முறைதான், தெரியுமோ? தும்புக் கால்மிதியைச் சதுரமாக வெட்டி, கரையைக் கொஞ்சம் பிய்த்துவிட்டால் அறுவடைக்கு நிற்கிற வயல். கடையில் கால்மிதி வாங்கப் போனால் இப்பவும் தும்பு நீளமானதாய்ப் பார்த்துத் தடவிக்கொண்டு நிற்கிறேன். மனிசி கேட்டால், சப்பாத்து நல்லாத் துடைபடும் என்கிறேன்.