ஏற்காட்டு மலையில் எங்கள் கிழட்டுக் கார்

சேலத்திலிருந்து ஏற்காடு ஏற 20 கொண்டை ஊசி வளைவுகள். போன மே மாதம் மாமியார், பிள்ளைகளோடு கிளம்பினோம். எங்கள் கார் 1,80,000 கிலோமீட்டர் ஓடிய கிழம்!

ஏழாவது வளைவில் வந்தது வினை. என்ஜின் 'ஹோ'வென்று அலறுகிறது. வண்டியோ எறும்பாக ஊர்கிறது. தீய்ந்த வாடை வேறு. "கியர் பாக்ஸ் போச்சு!" என்று இவர் தலையில் கை வைத்துக்கொண்டார். மகளின் காலேஜ் ஃபீஸுக்கு வைத்திருந்த பணம்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

ஓரமாக நின்றிருந்த லாரி டிரைவர், "கியர் உறுமுதாம்மா? தானா நழுவுதா?" என்று கேட்டார். இரண்டும் இல்லை. எல்லோரையும் விலகி நிற்கச் சொல்லி, சமதளத்தில் ஹேண்ட் பிரேக்கை இழுத்து, டாப் கியர் போட்டு, கிளட்சை மெல்ல விடச் சொன்னார். என்ஜின் நின்றுவிட வேண்டுமாம். நிற்கவில்லை!

"கிளட்ச் பிளேட்தாம்மா தேஞ்சிருக்கு. மேலே ஏறாதீங்க. ஆறவிட்டு, சின்ன கியர்லயே மெதுவா இறங்குங்க" என்றார்.

ஏரியைப் பார்க்காமலே திரும்பியதில் பிள்ளைகளுக்கு முகம் தொங்கிவிட்டது. சேலத்துப் பட்டறையில் பிளேட் மாற்றியதோடு சரி. ஃபீஸ் பணம் தப்பியது.

பழைய காரில் மலைக்குக் கிளம்பும் சகோதரிகளே, முதல் நாளே இந்தச் சோதனையை ஒரே ஒரு தரம் செய்து பார்க்கச் சொல்லுங்கள்.