பதினான்கு நாள் அட்டவணை

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் வேலை செய்தவர்களிடம் ‘டூ டூ த்ரீ’ என்று சொன்னால் போதும், விளக்கம் கேட்க மாட்டார்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். திங்கள், செவ்வாய் வேலை. புதன், வியாழன் ஓய்வு. வெள்ளி, சனி, ஞாயிறு வேலை. அடுத்த வாரம் அப்படியே தலைகீழ்: திங்கள், செவ்வாய் ஓய்வு, புதன், வியாழன் வேலை, வெள்ளி முதல் ஞாயிறு வரை ஓய்வு. 14 நாளில் 7 நாள் வேலை. வேலை நாளில் காலை 7 முதல் இரவு 7 வரை 12 மணி நேரம். ஏ குழு உள்ளே இருக்கும் நாளில் பி குழு வீட்டில் இருக்கும். இரவுக்கு வேறு இரண்டு குழுக்கள். இயந்திரம் நிற்பதே இல்லை.

நான் பகல் குழுக்கள் இரண்டுக்கும் சூப்பர்வைசர். மொத்தம் 36 பேர். எனக்கு அலுவலக நேரம்தான். அவர்களுடைய அட்டவணையை எழுதுவது என் பொறுப்பு.

1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் செய்த திருத்தம் 2023 ஜனவரி 1 அன்று நடப்புக்கு வந்தது. வாரத்துக்கு 48 மணி நேரமாக இருந்த உச்ச வரம்பு 45 ஆனது. ஷிஃப்ட் வேலை என்றால் மூன்று வாரச் சராசரியைப் பார்ப்பார்கள். சராசரி போட்டால் எங்கள் அட்டவணை அந்த வரம்புக்குள் அடங்கிவிடும். சட்டப்படி ஒரு குறையும் இல்லை. ஆனால் வீட்டுக்குச் சராசரி என்று ஒன்று தெரியாது. பிள்ளைக்கு வெள்ளிக்கிழமை காய்ச்சல் என்றால் அது வெள்ளிக்கிழமைதான்.

வேலையையும் குடும்பத்தையும் சமமாகக் கொண்டு போவது பற்றிப் பேச கம்பெனிக்கு அவ்வப்போது ஆள் வருவார்கள். திரையில் ஒரு தராசு இருக்கும். சீக்கிரம் எழுந்திருங்கள், முக்கியமானதை முதலில் செய்யுங்கள், கைப்பேசியைத் தள்ளி வையுங்கள் என்பார்கள். நல்ல பேச்சுதான். ஆனால் பின் வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஆபரேட்டர் தன் நேரத்தை எதை வைத்துத் திட்டமிடுவார்? அவருடைய நேரம் அவர் கையில் இல்லை. அதை எழுதுவது நான். தராசைப் பற்றி யாருக்காவது வகுப்பு எடுக்க வேண்டும் என்றால் முதலில் எனக்குத்தான் எடுக்க வேண்டும்.

என் அம்மாவும் இந்தப் பக்கம் வேலை செய்தவர்தான். 1972-இல் இங்கே சுதந்திர வர்த்தக வட்டாரம் தொடங்கிய பிறகு தோட்டங்களிலிருந்தும் கம்பங்களிலிருந்தும் பெண்களை ஏற்றிவர பாக்டரி பஸ் ஓட ஆரம்பித்தது. அம்மா 80-களில் அப்படி வந்தவர். மைக்ரோஸ்கோப்பில் கண் வைத்து, தலைமுடியைவிட மெல்லிய கம்பியைச் சில்லில் ஒட்டும் வேலை. மூன்று ஷிஃப்ட். எப்படிச் சமாளித்தீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். “நான் எங்கடி சமாளிச்சேன்? உன் பாட்டி இருந்தாங்க” என்றார். அம்மாவின் சம்பளச் சீட்டில் பாட்டியின் பெயர் இல்லை. ஆனால் பாட்டி இல்லாமல் அந்தச் சம்பளம் இல்லை. ஒருவர் நிம்மதியாக வேலைக்குப் போகிறார் என்றால் அந்த நேரத்தை வேறு யாரோ தாங்கிக்கொண்டிருக்கிறார்கள். இது எனக்கு அந்த ஒரு வரியில்தான் புரிந்தது.

லைனில் இருப்பவர்களுக்கு இது சொல்லாமலே தெரியும். பெருநாள் காலத்தில் பார்க்கலாம். நோன்புப் பெருநாளுக்கு மலாய்க்காரர்கள் ஊருக்குப் போக, நம் பிள்ளைகளும் சீனப் பிள்ளைகளும் வருவார்கள். தீபாவளிக்கு அவர்கள் வருவார்கள். சீனப் பெருநாளுக்கு இரண்டு பக்கமும் சேர்ந்து தாங்கும். யாரும் உத்தரவு போட்டதில்லை. “ராயாவுக்கு நீங்க போங்க காக், தீபாவளிக்கு என்னைப் பாத்துக்குங்க” என்று கண்டீனில் பேசி முடித்துவிடுவார்கள். என்னிடம் வருவது கையெழுத்துக்கு மட்டும்.

பெருநாள் வருஷத்துக்கு ஒருமுறை வரும். வாரத்துக்கு மூன்று முறை வருவதைக் கண்டீனில் பேசித் தீர்க்க முடியாது.

போன வருஷம் ஏ குழுவில் ஒரு பெண் வந்து நின்றார். “அக்கா, அப்பாவுக்கு டயாலிசிஸ் ஆரம்பிச்சிட்டாங்க. திங்கள், புதன், வெள்ளி. காலைல ஆறரைக்குப் போனா முடிய பத்தரை ஆயிடும். அம்மா இல்ல. தம்பி சிங்கப்பூர்ல. நான்தான் கூட்டிட்டுப் போகணும். என்னக்கா செய்றது?”

டயாலிசிஸ் மையத்துக்கும் ஓர் அட்டவணை உண்டு. பெரும்பாலும் திங்கள்-புதன்-வெள்ளி, இல்லையென்றால் செவ்வாய்-வியாழன்-சனி. ஒரு தடவைக்கு நான்கு மணி நேரம். சிறுநீரகம் சராசரி பார்க்காது. ஒரு தடவை விட்டால் நீர் கோத்துக்கொள்ளும், மூச்சு வாங்கும். இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். 14 நாளில் அப்பாவுக்கு 6 தடவை. முதல் வாரம் திங்களும் வெள்ளியும் மகளுக்கு வேலை. இரண்டாம் வாரம் புதன். ஆக மூன்று நாள் முட்டுகிறது.

மூன்று நாள்தானே என்று தோன்றும். 14 நாளில் மூன்று எம்.சி. எடுத்துப் பாருங்கள். இரண்டு மாதத்தில் பெயர் மனிதவளப் பிரிவுக்குப் போய்விடும். பொய் எம்.சி. எடுக்க வைப்பதும் ஒருவகையில் அட்டவணைதான்.

முதலில் எல்லோரும் சொன்ன யோசனை, அவரை அலுவலக நேர வேலைக்கு மாற்றுவது. ஆபரேட்டர்களுக்கு அப்படி ஒரே ஓர் இடம் இருந்தது, வரும் பொருட்களைச் சோதிக்கும் பகுதியில். அதில் இருந்தவர் இரட்டைப் பிள்ளைகளின் தாய். இரண்டும் முதலாம் ஆண்டு. அந்த இடத்துக்காக இரண்டு வருஷம் காத்திருந்து வந்தவர். அவரை எடுத்து 12 மணி நேரத்தில் போட்டால் இந்த வீட்டுப் பிரச்சினை தீர்ந்து அந்த வீட்டில் ஆரம்பிக்கும். அலுவலக நேரம் என்றாலும் ஆறரை மணி டயாலிசிஸ் முட்டத்தான் செய்யும். அந்த யோசனையை விட்டுவிட்டேன்.

“எழுதிக் குடும்மா” என்றேன் அந்தப் பெண்ணிடம். 2023 திருத்தத்தில் இதற்கும் ஒரு வழி இருக்கிறது. வேலை நேரத்தையோ நாளையோ இடத்தையோ மாற்றித் தரச் சொல்லித் தொழிலாளி எழுத்துப்பூர்வமாகக் கேட்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும்; மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் வாயால் கேட்டு வாயால் மறுப்பதற்கும் இதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

மேனேஜர் தாளைப் பார்த்துவிட்டு, எல்லா மேனேஜர்களும் சொல்வதைச் சொன்னார். “ஒருத்தருக்குக் குடுத்தா எல்லாரும் கேப்பாங்க.”

கேட்கட்டுமே என்று தோன்றியது. 36 பேரிடமும் ஒரு துண்டுத் தாள் கொடுத்தேன். உங்கள் வாரத்தில் நகர்த்தவே முடியாத ஒன்று எது? ஒரே ஒரு வரி எழுதுங்கள், எழுதாமலும் இருக்கலாம் என்றேன். 14 பேர்தான் எழுதினார்கள். ஒருவருக்கு ஆட்டிசம் உள்ள மகனின் பயிற்சி வகுப்பு, செவ்வாய் மாலை. ஒருவருக்குத் தேவாலயம். மூன்று ஆண்களுக்கு வெள்ளி மதியத் தொழுகை. ஓர் அம்மா, எஸ்.பி.எம். எழுதும் மகளை டியூஷனிலிருந்து இருட்டுவதற்குள் கூட்டிவர வேண்டும். ஓர் இளைஞன் வியாழக்கிழமை ஃபுட்சால் என்று எழுதியிருந்தான். மேனேஜர் சிரித்தார். நான் அதையும் அதே தாளில் ஏற்றினேன். டயாலிசிஸும் ஃபுட்சாலும் ஒன்றா என்றால் இல்லைதான். ஆனால் எது முதலில், எது பிறகு என்று முடிவெடுக்க இரண்டும் என் கண்ணுக்குத் தெரிய வேண்டும். கேட்கத் தெரிந்தவருக்கும் அழத் தெரிந்தவருக்கும் மட்டும் கிடைக்கிற சலுகை, நிர்வாகத்தில் சேராது.

வழி அட்டவணைக்குள்ளேயே இருந்தது. ஏ குழு வேலை செய்யும் நாளெல்லாம் பி குழுவுக்கு ஓய்வு. பி குழுவில் ஒரு காக் இருக்கிறார். வீடு சுங்கை ஆரா, மோட்டாரில் பத்து நிமிஷம். மகன் கல்லூரியில் படிக்கிறான், ஓ.டி. கிடைத்தால் நல்லது என்று தாளில் எழுதியிருந்தார். முட்டுகிற மூன்று நாளும் காலை 7 முதல் 11 வரை காக் வருவார். 11 மணிக்கு அந்தப் பெண் வந்து லைனை வாங்கிக்கொள்வார். 14 நாளில் 12 மணி நேர ஓ.டி. அந்த 12 மணி நேரச் சம்பளம் பெண்ணுக்குப் போனது. அதை முதலிலேயே சொன்னேன். “பரவால்லக்கா, வேல இருக்கே” என்றார். மேனேஜரிடம் பேசும்போது கருணையைப் பற்றிப் பேசவில்லை. பழகிய ஆள் ஒருவர் வேலையை விட்டால், புதியவரைப் பயிற்சி கொடுத்து இயந்திரத்தில் தனியாக நிறுத்த எத்தனை வாரம் ஆகும் என்று மட்டும் எழுதிக் காட்டினேன். கையெழுத்துப் போட்டார்.

அதே நேரத்தில்தான் எனக்குச் செக்‌ஷன் மேனேஜர் பதவி வந்தது. சம்பளம் கூடும். கூடவே வாரத்தில் மூன்று நாள் இரவு 9 மணிக்கு அமெரிக்காவின் மேற்குக் கரையோடு கூட்டம். அங்கே அப்போது காலை 6. நவம்பரில் அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைத்தால் எங்களுக்கு 10 ஆகிவிடும். எங்கோ திருப்பிய முள்ளுக்கு என் வீட்டில் விளக்கணைக்கும் நேரம் மாறும்.

கணவர் பிறையில் வேலை. பாலத்தில் நெரிசல் இல்லாவிட்டால் ஏழரைக்கு வீட்டில் இருப்பார். எட்டு முதல் ஒன்பதரை வரை நாங்கள் நால்வரும் ஒரே மேசையில் இருக்கும் நேரம். சாப்பாடு, வீட்டுப்பாடம், சண்டை எல்லாம் அதில்தான். “எடுத்துக்கோ. நான் பாத்துக்கிறேன்” என்றார் அவர். நல்ல மனசு. ஆனால் எனக்கு அம்மா சொன்னது ஞாபகம் வந்தது. பாட்டி இருந்த இடத்தில் இப்போது இவரை உட்கார வைக்கப் போகிறேனா?

மற்றவர்களிடம் கேட்ட அந்த ஒரு வரியை எனக்கும் எழுதினேன்: எட்டு முதல் ஒன்பதரை. பதவியை ஏற்கும் கடிதத்திலேயே, கூட்டத்தைக் காலை ஏழரைக்கு மாற்ற முடியுமா என்று கேட்டேன். இங்கே காலை ஏழரை என்றால் அங்கே முந்தின நாள் பிற்பகல் மூன்றரையோ நான்கரையோ. அவர்களும் அலுவலகத்தில்தான் இருப்பார்கள். மூன்றில் இரண்டு மாறியது. மூன்றாவது, ஐரோப்பாக்காரர்களும் சேரும் கூட்டம் என்பதால் இரவிலேயே நின்றுவிட்டது. வியாழக்கிழமை நான் மேசையில் இல்லை. பிள்ளைகளுக்கு அது தெரியும். மற்ற நாள்களில் இருப்பேன் என்பதும் தெரியும். இதுவரை ஏன் எல்லாம் ஒன்பது மணிக்கே நடந்தது என்று விசாரித்தேன். முன்பு இருந்தவர்கள் யாரும் மாற்றச் சொல்லிக் கேட்கவில்லையாம்.

இப்போது அட்டவணையை எழுதுவது புதிய சூப்பர்வைசர். 29 வயதுத் தம்பி, கெட்டிக்காரர். அவரிடம் இரண்டு தாள்களைக் கொடுத்தேன்: 14 நாள் கட்டம் ஒன்று, 14 பேரின் வரிகள் ஒன்று. இரண்டாவதை ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதிதாகக் கேளுங்கள், வீடுகள் மாறிக்கொண்டே இருக்கும் என்றேன்.

போன வாரம் அவர் என் மேசைக்கு வந்தார். டயாலிசிஸ் மையத்தில் அந்த அப்பாவைச் செவ்வாய்-வியாழன்-சனிக்கு மாற்றுகிறார்களாம். கட்டத்தில் குறித்துப் பார்த்தோம். முதல் வாரம் செவ்வாய், சனி. இரண்டாம் வாரம் வியாழன். மறுபடியும் மூன்றுதான். ஆனால் சுங்கை ஆரா காக், தனக்கு ஓய்வு கிடைக்கும் சனிக்கிழமைகளில் பாசார் மாலாமில் கடை போடுகிறார். காலையிலேயே பலகாரம் சுட உட்கார்ந்தாக வேண்டும்.

“இப்ப என்னக்கா செய்றது?” என்றார் தம்பி.

“பி குழுல இன்னும் 17 பேர் இருக்காங்க. போய்க் கேளுங்க” என்றேன்.